மணலுக்குள் கிடப்பது யாருடைய பொருள்?

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. கிருஷ்ணகிரியில் நாங்கள் நலம். உன் நலமும் மருமகள், பேத்தி நலமும் அறிய ஆவல். ஜூலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரைக்குப் போவதாகவும், அதற்கென்றே ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னாய். "புதையல் எடுக்கப் போறோம் தாத்தா" என்று பேத்தி கூவியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த உற்சாகத்தைக் குறைக்க இதை எழுதவில்லை. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், இதைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கிணறு தோண்டும்போது யாருக்காவது காசுப் பானை கிடைத்தால், கிராம நிர்வாக அலுவலர் தாசில்தாருக்குத் தெரிவிப்பார். அங்கிருந்து கோப்பு கலெக்டருக்குப் போகும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அது, இன்னார் வைத்தது என்று சொல்ல ஆளில்லாத பொருளுக்கான ஏற்பாடு. நீ போகும் இடமோ விடுமுறை நாளில் கால் வைக்க இடமில்லாத கடற்கரை. அங்கே உன் கருவி காட்டப்போவது நேற்றோ போன வாரமோ ஒருவர் கையிலிருந்து நழுவியது. அதைத் தொலைத்தவர் இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் பெட்டி படுக்கையை உதறித் தேடிக்கொண்டிருக்கலாம்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் இதற்கென்றே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவன் விலையுயர்ந்த மோதிரம் ஒன்றைக் கண்டெடுக்கிறான், உரியவர் யாரென்று அவனுக்குத் தெரியாது, கண்டுபிடிக்க எந்த முயற்சியும் செய்யாமல் உடனே விற்றுவிடுகிறான், அவன் குற்றவாளி. அந்தச் சட்டம் மாறி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கருத்து மாறவில்லை. ஃபுளோரிடாவிலும், தொலைந்த பொருளைக் கண்டெடுப்பவர் காவல் துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்றுதான் மாநிலச் சட்டம் சொல்கிறது. சில்லறைக் காசுகளைப் பேத்தி உண்டியலில் போட்டுக்கொள்ளட்டும். மோதிரமோ சங்கிலியோ கிடைத்தால், உள்பக்கம் பெயரோ தேதியோ பொறித்திருக்கிறதா என்று பார், படம் எடுத்துக்கொள், கடற்கரைக் காவலரிடமும் அருகிலுள்ள விடுதிகளிலும் விசாரி. பொறித்திருப்பதை மட்டும் முன்கூட்டியே யாரிடமும் சொல்லாதே. உரியவர் என்று வருபவர் தாமாக அதைச் சொல்லட்டும்.

ஓர் ஆடிப் பதினெட்டு அன்று ஒகேனக்கலில் குளித்துக் கரையேறிய ஒரு பெண்ணின் தாலிக்கொடியிலிருந்து பொன் குண்டு ஒன்று கழன்று விழுந்துவிட்டது. பரிசல்காரர்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாள் என்று அறிமுகமே இல்லாதவர்கள் எல்லாம் குனிந்து, பாறைக்கு இடையில் இருந்த மணலை விரலால் அரித்தார்கள். அந்தப் பெண் அழவில்லை. மணல் ஒட்டிய கையால் கழுத்துக் கொடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஈரப் புடவையோடு நின்றாள். பொழுது சாயும்வரை தேடியும் அகப்படவில்லை. உன்னிடம் இருக்கும் கருவி அன்று அங்கே இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடும். அதனால்தான் நீ இதை வாங்கியதில் எனக்கு உள்ளபடியே சந்தோஷம்.

கருவியைப் பற்றி நீ சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சில விஷயங்கள். கருவியின் அடியில் இருக்கும் கம்பிச் சுருளிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்க, அதன் எதிரொலியைத்தான் கருவி நமக்கு ஓசையாகத் தருகிறது. உப்பு நீரில் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் கருவி அலை விளிம்பில் காரணமில்லாமல் கத்தும். பல அதிர்வெண் கருவி அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். உன்னுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள். ஒற்றை அதிர்வெண் என்றால், மக்கள் துண்டு விரித்துப் படுக்கும் உலர்ந்த மணலோடு நிறுத்திக்கொள். குப்பைக்கு ஒலிக்க வேண்டாம் என்று, அலுமினியத்தை ஒதுக்கும்படி கருவியை அமைத்து வைக்காதே. பான டின்னின் திறப்பு வளையமும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிப்பவை. ஒன்றை ஒதுக்கினால் மற்றதும் போய்விடும். ஆகவே குப்பையையும் தோண்டத்தான் வேண்டும். தோண்டியதை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்துவிடு. ஆணியும் தூண்டில் முள்ளும் குழந்தைகள் காலில் ஏறுபவை. காதில் ஹெட்போன் போட்டுக்கொள். உறங்குபவர்களுக்கு இடைஞ்சல் இராது.

பகல் முழுவதும் கூட்டம் நெரியும் இடத்தில் சுருளை வீசிக்கொண்டு பிறர் துண்டுகளுக்கு நடுவே நடப்பது அழகல்ல. விடியற்காலையில், அதுவும் நீர் வடிந்திருக்கும் நேரம் பார்த்துப் போ. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இன்னும் அதிகமாகப் பின்வாங்கும். ஒவ்வொரு குழியையும் மூடிவிட்டே அடுத்த அடி வை. டேடோனாவில் மணல்மேலேயே கார் ஓட்ட அனுமதி உண்டு என்கிறார்கள், அதை மறவாதே. மே முதல் அக்டோபர் வரை அங்கே ஆமைகள் முட்டையிடும் காலம். அடையாளம் இட்டுக் காத்துவைத்திருக்கும் இடத்தின் அருகில்கூடப் போகாதே. கோடையில் ஃபுளோரிடாவில் பிற்பகல் இடி மழை சகஜம். வெட்டவெளியில் நின்றிருக்காதே, முதல் இடி கேட்டதுமே பேத்தியை அழைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடு. இதை உன் அம்மா தனியாகச் சொல்லச் சொன்னாள்.

தெற்கே கனாவரல் தேசியக் கடற்கரைக்கும் போவதாக இருந்தால், கருவியை அறையிலேயே வைத்துவிட்டுப் போ. அதுவும் தேசியப் பூங்காத் துறையின் கீழ் உள்ள இடம்; அமெரிக்க தேசியப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது சட்டவிரோதம். இதை நான் மனதாரச் சரி என்பேன். நம் மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்தக் காலம் தெரியவந்தது, மண் அடுக்கு கலையாமல் இருந்ததால்தான். பலகைக் கற்களால் அமைத்த பழங்கால ஈமச் சின்னமான கல்திட்டை ஒன்றைப் புதையல் ஆசையில் யாரோ புரட்டிப்போட்டிருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூடுகல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே இடுப்பளவுக் குழி, ஓரத்தில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள். பொன் கிடைத்திருக்காது, அங்கே புதைக்கப்பட்டவரைப் பற்றி இனி யாரும் எதையும் தெரிந்துகொள்ளவும் முடியாது. ஊருக்கு வரும்போது இந்தக் கருவியை எடுத்து வராதே. பேத்தியை மல்லசந்திரத்துக்கு நானே கூட்டிப் போய்க் கல்திட்டைகளைக் காட்டுகிறேன்; கண்ணால் பார்க்கட்டும்.

விடுமுறை முடிந்ததும் என்னென்ன கிடைத்தது, எதையெல்லாம் யாரிடம் சேர்த்தாய் என்று பேத்தியை விட்டே தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொல். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா
கிருஷ்ணகிரி