அப்பாவின் பேஸ்மேக்கர் கிருமித்தொற்றைக் குணப்படுத்தியவர்களுக்கு எங்கள் நன்றி

மதிப்பிற்குரிய வைத்தியர்கள், தாதியர்கள், ஆய்வுகூடத்தினர், சிற்றூழியர்கள் அனைவருக்கும்,

களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த எங்கள் தந்தையார், இதயத்துடிப்பைச் சீராக வைக்க நெஞ்சில் பொருத்தியிருந்த பேஸ்மேக்கர் கருவியில் ஏற்பட்ட கிருமித்தொற்றிலிருந்து மீண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். எங்கள் முதல் நன்றி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கிளினிக்கில் அன்று கடமையிலிருந்த தாதிக்கு உரியது. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்தவரின் சேட்டு இடது தோளுக்குக் கீழே ஈரமாக ஒட்டிக்கிடப்பதைக் கண்டு, பொத்தானைக் கழற்றச் சொல்லிப் பார்த்தவர் அவர்தான். கருவிக்கு மேலிருந்த தோல் சிவந்து, காகிதம் போல மெலிந்து, ஓரிடத்தில் ஊசிமுனையளவு கசிந்துகொண்டிருந்தது. காய்ச்சல் இல்லாத காரணத்தால், அதற்கு முன்பு காட்டிய வேறோர் இடத்தில் பூச்சு மருந்தும் குளிசையும் மட்டுமே தந்து அனுப்பியிருந்தார்கள்.

விடுதியில் பொறுப்பேற்ற வைத்தியர், வெளியிலிருக்கும் கிருமியும் உள்ளே போய்விடும் என்று சொல்லி, அவ்விடத்தில் ஊசி குத்தி நீரெடுக்க யாரையும் விடவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குவதற்கு முன்னரே வெவ்வேறு நரம்புகளிலிருந்து இரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குப் போத்தல்களில் அனுப்பினார். அந்தப் போத்தல்களில் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி வளர்ந்ததும் அறிக்கை வரும்வரை காத்திராமல் விடுதிக்குத் தொலைபேசியில் அறிவித்த ஆய்வுகூட ஊழியரை நாங்கள் கண்டதே இல்லை. எந்த மருந்து கேட்கும் என்பது ஆய்வுகூடத்தினரால்தான் தெரியவந்தது. உணவுக்குழாய் வழியாக எடுத்த எக்கோ (இருதய ஸ்கான்), பேஸ்மேக்கரிலிருந்து இருதயத்துக்குள் செல்லும் கம்பியில் கிருமித்திரள் ஒன்று அசைவதையும், வால்வுகள் தப்பியிருப்பதையும் காட்டியது.

மருந்தாலேயே மாறிவிடாதா என்று நாங்கள் கேட்டபோது, அந்த வைத்தியர் எங்கள் அருகில் அமர்ந்து, கிருமிகள் கருவியின் மீதும் கம்பியின் மீதும் பசைபோன்ற படலம் அமைத்து அதற்குள் இருப்பதால் மருந்து அவற்றை முழுதாக அழிக்காது என்றும், பேஸ்மேக்கர் பெட்டியையும் கம்பிகளையும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் அகற்றியே ஆகவேண்டும் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பயமாகத்தான் இருந்தது; ஆனால் சுற்றி வளைக்காத அந்தப் பேச்சே எங்களுக்குத் துணிவு தந்தது.

அதற்காகக் கொழும்புக்குக் கொண்டுசென்ற அம்புலன்ஸ் சாரதிக்கும் (வெலிக்கந்தையில் யானை மறித்தபோதும் அவர் பதறவில்லை), கருவியை அகற்றி, தற்காலிகக் கம்பியால் நாடித்துடிப்பைக் காத்த குழுவினருக்கும், எங்களைத் தம் வீட்டில் தங்கவைத்த காத்தான்குடி நண்பருக்கும் கடன்பட்டுள்ளோம். இரத்தத்தில் கிருமி இல்லையென உறுதியான பிறகே, வலது பக்கத்தில் புதிய பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது.

அதன்பின் பல வாரங்கள் மட்டக்களப்பில் குளொக்சசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றப்பட்டது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நள்ளிரவிலும் விடியப்புறத்திலும், வீங்கிய கையில் நரம்பு தேடி, "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி ஊசி ஏற்றிய தாதியரின் பெயர்கள் எல்லாம் எங்களுக்குத் தெரியாது. இந்த மடல் விடுதிப் பலகையில் ஒட்டப்பட்டால் அவர்கள் கண்ணில் படும் என்பதால், ஒரு பிரதியை விடுதிப் பொறுப்புத் தாதியிடம் கையளித்துள்ளோம்.

இங்ஙனம்,
குடும்பத்தினர்,
களுவாஞ்சிகுடி.