நெசவு ஊரில் குழந்தைக்கு ஒரு பருத்தி ஜப்லா கிடைக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடையில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். குளியல், நிழல், தாய்ப்பால் என்று எல்லாமே பயனுள்ள விஷயங்கள். துணியைப் பற்றி மட்டும் 'பருத்தி நல்லது' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் பங்குனி வெயிலில் சேலம் கடைவீதி முழுக்க அலைந்தேன்.

என் பேத்தி பிறந்த இருபதாம் நாள், கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. டாக்டரம்மா அவள் போட்டிருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மருந்து அப்புறம், முதலில் இதைக் கழற்றுங்கள்" என்றார். பெட்டியில் 'பேபி காட்டன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த செட் அது. வீட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்பக்க லேபிளைப் படித்தால், பாதிக்கு மேல் பாலியஸ்டர். ஒரு நூலை உருவித் தீயில் காட்டினேன். பருத்தியானால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாக உதிரும். இது சுருண்டு உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது.

சரி, ஆர்கானிக் பருத்தியே வாங்குவோம் என்று போனால் மூன்று ஜப்லா 1,400 ரூபாய். சான்று பெற்ற பருத்திக்கு விலை ஏறுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் மூன்று மாதத்தில் சிறிதாகிவிடும் சட்டைக்கு எங்களைப் போன்ற வீட்டில் எப்படிக் கொடுப்பது? 'மூங்கில் துணி, இயற்கையானது' என்றும் ஒரு கடையில் எடுத்துப் போட்டார்கள். அது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ்தான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் என் அம்மா எங்களுக்குச் செய்ததையே செய்தேன். மல் என்ற மெல்லிய பருத்தித் துணி இரண்டு மீட்டர், மீட்டர் 90 ரூபாய். வெட்டுவதற்கு முன்பே ஒரு ராத்திரி ஊறவைத்து, வெந்நீரில் இரண்டு முறை அலசினேன். கஞ்சி போக வேண்டும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிட வேண்டும். பக்கத்துத் தெரு தையல்காரப் பெண் ஒன்றுக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆறு ஜப்லா தைத்துக் கொடுத்தாள். தையல் வெளிப்பக்கம் வரும்படி சொன்னேன், உள்ளே இருந்தால் குழந்தையின் அக்குளில் உரசும். பொத்தான் இல்லை, எலாஸ்டிக் இல்லை, அதே துணியில் பக்கவாட்டில் நாடா. மொத்தம் 360 ரூபாய், ஒரு ஜப்லா 60 ரூபாய். இடுப்புத் துணிக்கு வீட்டுக்காரரின் பழைய எட்டு முழ வேட்டிகள். பல வருடம் துவைத்த வேட்டியின் மென்மை எந்தப் புதுத்துணியிலும் வராது. பிறந்த பிள்ளையை முதலில் பழந்துணியில் சுற்றிய நம் பெரியவர்களின் கைப்பக்குவத்தை அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். நான்கே நாளில் வேர்க்குரு அடங்கியது.

இப்போது மகள் குழந்தையோடு ஏற்காட்டில் புகுந்த வீட்டில் இருக்கிறாள். அங்கே குளிர். 'கம்பளி' என்று சொல்லி வாங்கிய ஸ்வெட்டரும் அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான் என்று தெரிந்ததும் அவளும் மாற்றிவிட்டாள். உள்ளே மல் ஜப்லா, மேலே ஃபிளானல் பருத்திச் சட்டை. வெயில் ஏறினால் மேல்சட்டையைக் கழற்றிவிடலாம், அவ்வளவுதான்.

நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை என்று நெசவாளர் வாழும் தெருக்கள் இந்த ஊரில் எத்தனை! 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமே சேலத்தில் இருக்கிறது. இங்கே ஒரு குழந்தைச் சட்டைக்கு இவ்வளவு அலைச்சலா என்று எனக்கு ஆறவே இல்லை. தையல் தெரிந்த வீட்டில் சமாளித்துவிடுவோம். வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள்?

கோ-ஆப்டெக்ஸும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், சாயமேற்றாத பருத்தியில் ஆறு ஜப்லா, பன்னிரண்டு இடுப்புத் துணி, ஒரு தொட்டில் துணி என்று ஒரே செட்டாக விற்கலாம். தையலை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுக்கலாம். அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கென 2015-ல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் குழந்தை உடையும் உண்டு. அந்த உடை கைத்தறிப் பருத்தியாக இருந்தால் நெசவாளருக்கும் வேலை, பிள்ளைக்கும் சுகம். அப்புறம், எந்தக் கடையில் விற்றாலும் எத்தனை சதவீதம் பருத்தி என்பதைப் பெட்டியின் முன்பக்கத்தில், தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடச் சொல்லுங்கள். உங்கள் இதழ் எழுதினால் சம்பந்தப்பட்டவர்கள் காதில் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குகை, சேலம்.