அந்த நெகட்டிவ்களை எடைக்குப் போடாதே

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். ஸ்டுடியோவைக் காலி செய்யும்போது பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு யூஜெனியூஷ் லோகாய்ஸ்கி நினைவுதான்.

போலந்துக்காரர். நீளம் தாண்டுதல், ஈட்டி, 200 மீட்டர், வட்டு, 1500 மீட்டர் என்று ஐந்தும் சேர்ந்த பெந்தாத்லானில் 1934-இல் அந்த நாட்டு சாம்பியன். 1936-இல் ஈட்டியை 73.27 மீட்டர் எறிந்தார். அந்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் எறிந்தது 71.84தான். ஆனால் பெர்லினில் இவருக்கு ஏழாம் இடம். ஈட்டி பிடித்த நமக்குத் தெரியாதா, அந்த ஒரு நாள் கை சொன்னபடி கேட்க வேண்டுமே!

அப்புறம் போர். 1939-இல் ராணுவ அதிகாரியாகப் போனவர் சோவியத் படையிடம் சிக்கி, எப்படியோ தப்பி போலந்துத் தலைநகர் வார்சாவுக்குத் திரும்பினார். அப்படிச் சிக்கிய அதிகாரிகளில் ஆயிரக்கணக்கானோரை மறுவருடம் காத்தின் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். தப்பி வந்தவர் உன்னைப் போலவே ஒரு போட்டோ ஸ்டுடியோ நடத்தினார்.

1944 ஆகஸ்ட் 1-இல் வார்சா, நகரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானிய நாஜிகளை எதிர்த்து எழுந்தது. இவரும் 'ப்ரோக்' என்ற பெயரில் சண்டையில் இறங்கினார், கேமராவோடு. அவர் எடுத்ததில் ஒரு கல்யாணப் படம் இருக்கிறது. மாப்பிள்ளையின் கை கட்டுப்போட்டுத் தொங்குகிறது. ஊர் எரிகிறது, கல்யாணமும் நடக்கிறது. எத்தனை நூறு கல்யாணம் எடுத்தவன் நீ! அந்தப் படத்தை நீ பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 25. பிலிம் எடுத்துவர மார்ஷல்கோவ்ஸ்கா தெரு 129-ஆம் எண் வீட்டுக்குப் போனார். கட்டடம் குண்டுவீச்சில் இடிந்து அங்கேயே இறந்தார். வயது 35. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 2-இல், கிளர்ச்சியே முடிந்துவிட்டது. பிலிமுக்காகப் போனவர் என்பதை என்னால் மறக்க முடியவில்லை, செல்வம்.

எண்ணூறுக்கு மேல் படங்கள் இன்றும் இருக்கின்றன. பத்திரமாக வைத்துக் காப்பாற்றியவர் அவருடைய சகோதரி ஜோஃபியா. அவர் அன்று அதைக் குப்பை என்று நினைத்திருந்தால் அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் நமக்கு ஏது?

உன் டப்பாக்களிலும் நம் ஊர்க் கல்யாணம் முழுக்க இருக்கிறது. தை பிறந்ததும் வருகிறேன், இருவரும் உட்கார்ந்து பிரிப்போம். அதுவரை ஈரம் படாமல் மேல் பரணில் வை. நாம் பள்ளியில் ஈட்டி எறிந்த படம் எந்த டப்பாவில் என்று நினைவிருக்கிறதா?

அன்புடன்,
முருகேசன்