திங்கட்கிழமை பில் திரை வராதது பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கடந்த திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் உங்களில் பலருக்குப் பில் போடும் திரை வரவில்லை. 'டேபிள் இல்லை' என்று 1146 என்ற எண்ணோடு ஒரு எரர்தான் வந்தது. கணக்கெல்லாம் போய்விட்டதோ என்று பதறி அழைத்தீர்கள். ஒரு வரிகூடப் போகவில்லை. தவறு முழுக்க எங்களுடையது, மன்னியுங்கள். அன்றே உங்களைப் பழைய சர்வருக்குத் திருப்பிவிட்டோம்.

நடந்தது இதுதான். ஞாயிறு இரவு உங்கள் கணக்குகளை விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றியிருந்தோம். உங்கள் கணக்குகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல், ஒவ்வொரு டேபிளையும் (அதாவது ஒவ்வொரு தகவல் பட்டியலையும்) வழக்கமாக டிஸ்க்கில் ஒரு ஃபைலாக வைக்கும். ஃபைல் பெயரில் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை; லினக்ஸ் பார்க்கும். தமிழில் 'ப' என்றால் ஒரே 'ப'தான். ஆங்கிலத்தில் 'பில்மாஸ்டர்' என்பதைப் பெரிய 'பி', பெரிய 'எம்' போட்டு எழுதினால் லினக்ஸுக்கு அது வேறொரு டேபிள். விண்டோஸில் இருந்தவரை மைஎஸ்கியூஎல் எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்தாக்கியே சேமித்து வந்தது. எங்கள் புரோகிராமிலோ சில இடங்களில் பெரிய எழுத்து கலந்திருந்தது. ஸ்டாக் திரை வந்து, பில் திரை மட்டும் வராமல் போனது அதனால்தான். மாற்றுவதற்கு முன் விண்டோஸ் கணினிகளில் மட்டும் சோதித்ததால் இது கண்ணில் படவில்லை.

டேபிள் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் 'லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ்' என்ற மைஎஸ்கியூஎல் அமைப்பை 1 என்று வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு முதல், மைஎஸ்கியூஎல் சர்வரை முதன்முதலாகத் தயார் செய்யும்போதுதான் அதை வைக்க முடியும். பிறகு மாற்றினால் சர்வரே கிளம்பாது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவலாம்தான். ஆனால் அந்த அமைப்பு இல்லாத வேறொரு சர்வருக்குப் போனால் இதே சிக்கல் திரும்ப வரும். அதனால் புரோகிராமில் இருந்த டேபிள் பெயர்கள் அனைத்தையும் சின்ன எழுத்துக்கு மாற்றி, இந்த முறை லினக்ஸிலேயே ஒவ்வொரு திரையாக ஓட்டிப் பார்த்தோம்.

வரும் ஞாயிறு இரவு 10 மணிக்கு மறுபடி மாற்றுகிறோம். எக்செல்லிலிருந்து நேரடியாக ரிப்போர்ட் எடுப்பவர்கள் மட்டும் அதற்குள் ஒரு வேலை செய்ய வேண்டும்: நீங்கள் எழுதி வைத்திருக்கும் குவெரிகளில் (தகவலைக் கேட்டு எடுக்கும் கட்டளைகளில்) டேபிள் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாக்குங்கள். டேபிளுக்கு வைத்த சுருக்கப் பெயரும் ஒரே குவெரிக்குள் ஒரே மாதிரி இருக்கட்டும். டேபிளுக்குள் இருக்கும் நெடுவரிசைகளின் (column) பெயர்களைத் தொட வேண்டாம், அவற்றில் எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. செய்யத் தெரியவில்லையென்றால் குவெரியை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறோம்.

திங்கட்கிழமை காலை 7 மணியிலிருந்து எங்கள் ஆட்கள் இருவர் போனருகிலேயே இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் மென்பொருள் குழுவினர்