செயலாளர் ஆண்டறிக்கை: பழைய ரயில்களும் வீட்டுப் படச்சுருள்களும்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற சித்திரை முதல் இந்தப் பங்குனி வரை நம் ரயில் ரசிகர் வட்டம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் அறிக்கையாக வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் நான் தலையிடவில்லை.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பூர்வகதை. சிகாகோவின் புறநகர்களான நேப்பர்வில், அரோரா, வீட்டன் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் சிலர் மெட்ரா புறநகர் ரயிலில் வேலைக்குப் போகும்போது பேசிப் பேசியே உருவான வட்டம் இது. அரோராவிலிருந்து சிகாகோவுக்கு நாம் போகிற தடம் பழைய பர்லிங்டன் ரயில் கம்பெனியின் மெயின் லைன். 1934 மே 26 அன்று விடியற்காலையில் டென்வரில் கிளம்பிய அந்தக் கம்பெனியின் ஜெஃபிர் என்ற ரயில், 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் ஓடிச் சிகாகோவைத் தொட்டது. கூரை மேல் கண்ணாடி மாடம் வைத்த முதல் 'விஸ்டா டோம்' பெட்டியை 1945-இல் உருவாக்கியதும் அரோரா பணிமனைதான். பாலாஜி கோயிலுக்கு அரோரா போகிறவர்கள் திரும்பும் வழியில் ஸ்டேஷன் பக்கம் நிற்கும், கல்லால் கட்டிய பழைய எஞ்சின் கொட்டகையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது அது உணவகம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை படச்சுருள்கள். ஃபாக்ஸ் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு முதியவர் காலமான பிறகு வீட்டுச் சாமான்களை விற்பனைக்கு வைத்திருந்தார்கள். பாத்திரம் பார்க்கப் போன நம் உறுப்பினர் ஒருவர், அட்டைப்பெட்டி நிறைய 8 மி.மீ. சுருள்களோடு திரும்பி வந்தார். (பாத்திரம் வாங்கவில்லையா என்று வீட்டில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அறிக்கையில் சேராது.) குடும்பத்தாரைத் தேடிப் பிடித்து எழுத்து மூலம் அனுமதி வாங்கினோம். பெயரை வெளியிட வேண்டாம் என்றார்கள். அப்படியே விட்டிருக்கிறோம்.

8 மி.மீ. படம் கோடக் கம்பெனி 1932-இல் கொண்டு வந்தது. 1936 முதல் அதிலேயே கோடக்ரோம் வண்ணச்சுருள் கிடைத்தது. 25 அடிச் சுருளை அகலத்தின் ஒரு பாதியில் ஓட்டிவிட்டு, கேமராவைத் திறந்து திருப்பிப் போட்டு, மறுபாதியில் ஓட்ட வேண்டும். கழுவும் இடத்தில் நடுவே பிளந்து ஒட்டித் தருவார்கள். எல்லாம் சேர்ந்து நாலு நிமிடம் தேறும். திருப்பிப் போடும்போது வெளிச்சம் பட்ட இடம் ஆரஞ்சு நிறமாய் எரிந்திருக்கும். எங்கள் பெட்டியில் பாதிச் சுருள்களில் அந்த ஆரஞ்சுத் தீற்றல் யாராவது ரயிலை விட்டு இறங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் வருகிறது. கேமராவும் உள்ளூர்ச் சரக்குதான். பெல் அண்டு ஹவல், ரெவியர் இரண்டுமே சிகாகோக் கம்பெனிகள்.

நாலே நிமிடம் என்பதால் கேமராவைத் தட்டுமுன் யோசித்துத்தான் தட்டியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா ஜெஃபிரில் போன பயணம் ஒன்று சுருள்களில் இருக்கிறது. 1949 மார்ச் 20 முதல் 1970 மார்ச் 22 வரை சிகாகோவுக்கும் ஓக்லண்டுக்கும் இடையே ஓடிய வண்டி. ஐந்து கண்ணாடி மாடப் பெட்டிகள். மலைகளைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி கால அட்டவணை போட்டிருந்தார்கள். படம் எடுத்தவரும் மலைக்கென்றே ஃபிலிமைச் சேமித்திருக்கிறார். கொலராடோவின் பாறைகள் சுருள் சுருளாக வருகின்றன. இல்லினாய்ஸ் சில வினாடிதான். அயோவா அறவே இல்லை, இரவில் போயிற்று.

எந்தச் சேகரிப்பிலும் இதே கதைதான் என்று இந்த வேலையில் பழகியவர்கள் சொல்கிறார்கள். மத்திய மேற்கு ரயில்களின் ஏக்கம் என்று நாம் பேசுகிறோம். அந்த நாளில் வண்டியில் போனவர்களோ இந்தச் சமவெளி வந்ததும் கேமராவை உறைக்குள் போட்டுவிட்டார்கள். கை தவறி விழுந்த வினாடிகள்தாம் நமக்கு மிச்சம். ஆகவே ஒவ்வொரு சுருளிலும் மலையைத் தள்ளிவிட்டு முதலில் அந்த வினாடிகளைத்தான் பட்டியலிட வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானித்தோம். சிலருக்கு அதில் வருத்தம். மலைதான் அழகு, சந்தேகமில்லை. ஆனால் மலையை இன்று போனாலும் எடுக்கலாம்.

அப்படி ஒரு துண்டு: மாடக் கண்ணாடி வழியே முன்னால் போகும் பெட்டிகளின் வெள்ளி முதுகு. அதன் மேல் கேமரா பிடித்திருக்கிற கையின் பிரதிபலிப்பு, மணிக்கட்டில் தோல்பட்டைக் கடிகாரம். இடது ஓரத்தில் ஒரு தானியக் கிடங்கு எழுந்து மறைகிறது. தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் ஒரு லாரி கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்து பின்தங்குகிறது. ஸ்டேஷன் பலகை பாதிதான் தெரிகிறது. நாங்கள் அதை மெண்டோட்டா என்று குறித்திருந்தோம். நூலக அரங்கில் திரையிட்டபோது கடைசி வரிசையில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, "இது பிரின்ஸ்டன், அந்தக் கிடங்கில் என் மாமா வேலை பார்த்தார்" என்றார். குறிப்பு திருத்தப்பட்டது.

விஸ்கான்சின் டெல்ஸ் என்ற சுற்றுலா ஊருக்குப் போன சுருளுக்கு ஆண்டு கண்டுபிடித்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. அட்டையில் பென்சிலில் "டெல்ஸ், ஜூலை" என்று மட்டும் இருந்தது. படத்தில் மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனியின் ஹையவாதா வண்டி வந்து நிற்கிறது. 1935 முதல் சிகாகோவுக்கும் மினசோட்டாவின் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பாலுக்கும் ஓடிய வண்டி, ஆரம்ப நாளிலேயே 100 மைல் வேகத்தைத் தாண்டியது. அதன் பேர்போன நிறம் ஆரஞ்சும் அரக்குச் சிவப்பும். ஆனால் இங்கே எஞ்சின் மட்டும் மஞ்சள், பின்னால் பெட்டிகள் ஆரஞ்சு. 1955 அக்டோபரில் யூனியன் பசிபிக் என்ற இன்னொரு ரயில் கம்பெனியின் வண்டிகளைச் சிகாகோ வரை ஓட்டும் பொறுப்பு மில்வாக்கி ரோடுக்கு வந்தது. அதை ஒட்டித்தான் தன் வண்டிகளுக்கும் யூனியன் பசிபிக் மஞ்சளைப் பூசத் தொடங்கியது. ஃபிலிமின் ஓரத்தில் கோடக் அச்சிடும் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். எங்களுக்குக் கிடைத்த குறி 1936, 1956, 1976 மூன்றுக்கும் பொது. 1936-இல் இந்த எஞ்சின் இல்லை, 1976-இல் இந்த வண்டி இல்லை. சுருள் தயாரான ஆண்டு 1956 என்றால், ஜூலை அந்த ஆண்டினதாகவோ அடுத்ததாகவோ இருக்கலாம். வண்டி கிளம்பும்போது வாலில் ஸ்கைடாப் பெட்டி வருகிறது. மில்வாக்கிக்காரரான புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1948-இல் ஓடத் தொடங்கிய பெட்டி, பின்புறம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒரு பெண் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சுருள்களில் ஒரு போர்ட்டரும் வருகிறார். முகம் இல்லை. வெள்ளை மேல்சட்டையின் கையும், பெட்டிக்குக் கீழே படிப்பலகையை வைக்கும் விரல்களும் மட்டும். கேமரா உடனே மேலே ஏறி, இறங்குகிற பெண்மணியின் தொப்பிக்குப் போய்விடுகிறது. புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் அந்த வேலையைக் கறுப்பினத்தவர்களே செய்தார்கள். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925-இல் சங்கம் கட்டி, 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட வைத்தார்கள். இல்லினாய்ஸ் சென்ட்ரல் கம்பெனி வண்டிகளில் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து வந்து இறங்கிய கறுப்பினத்தவரின் பெருங்கூட்டத்தில் கேமரா வைத்திருந்தவர்கள் வெகு சிலர். அவர்கள் இறங்கிய சென்ட்ரல் ஸ்டேஷனையும் 1974-இல் இடித்துவிட்டார்கள். நம் பெட்டியில் இருக்கிற உலகம் கேமரா வாங்க முடிந்தவர்களின் உலகம் என்பதை ஒவ்வொரு திரையிடலிலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன், ஏற்றுக்கொண்டார்கள். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் ஜாக்குலின் ஸ்டூவர்ட் 2005-இல் தொடங்கிய சவுத் சைட் ஹோம் மூவி திட்டம், தெற்குச் சிகாகோக் குடும்பங்களின் சுருள்களைத் திரட்டி வருகிறது. ஊர்ச் சுற்றுலாவுக்கு முன் உறுப்பினர்கள் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இனி மனவருத்தமான விஷயம். சுருள்களை டிஜிட்டலாக்க ஒரு கடையில் கொடுத்தோம். வேலை சுத்தம், படம் பளிச். ஆனால் ஒவ்வொரு சுருளின் முன்னால் இருந்த வெள்ளைத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பெரிய சுருளாக ஒட்டித் தந்தார்கள். அந்த வெள்ளைத் துண்டில்தான் மையால் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. மஞ்சள் அட்டைகளும் குப்பைக்குப் போயின. டெல்ஸ் அட்டை தப்பியது, அதை நம் உறுப்பினர் தனியே எடுத்து வைத்திருந்ததால். இனிமேல் எந்தச் சுருளும் கைமாறும் முன் அட்டை, டப்பா, வெள்ளைத் துண்டு மூன்றையும் போட்டோ எடுத்துவிட வேண்டும் என்பது விதி.

இன்னொரு தகராறு, கணினி மென்பொருள் கொண்டு படத்தை 'வழவழப்பாக்குவது' பற்றி. வினாடிக்கு 16 ஃபிரேமாக எடுத்த படத்தை 60 ஆக்கலாம் என்று இளைய உறுப்பினர்கள் செய்து காட்டினார்கள். முதல் பார்வைக்குப் பிரமாதம். ஸ்கைடாப் பெட்டி வந்ததும் கண்ணாடிச் சட்டங்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. செய்தித்தாள் படித்த பெண்ணுக்கு மூக்கு இடம் மாறியது. எஞ்சின் ஊதல் சேர்க்கலாமா என்றும் கேட்டார்கள். பாதுகாப்புப் பிரதியில் எதையும் தொடுவதில்லை, விளையாட்டுப் பிரதி தனியாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சாண்டா ஃபே ரயில் கம்பெனிக்கு ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த டீசல் எஞ்சின் வரும் துண்டில், ஈரோடு டீசல் ஷெட் பக்கம் வளர்ந்த நம் துணைத் தலைவர் வாயாலேயே ஆல்கோ சத்தம் எழுப்பினார். அதே கம்பெனியின் எஞ்சின்களைக் கேட்டு வளர்ந்தவர். அவரைத் தடுக்க விதி இல்லை.

யூனியன் ஊரில் இருக்கும் இல்லினாய்ஸ் ரயில்வே மியூசியத்துக்குக் கோடையில் குடும்பச் சுற்றுலா போனோம். 1936-இல் செய்த, பெட்டிக்கு ஒரு தேவதை பெயர் வைத்த நெப்ராஸ்கா ஜெஃபிரையும், சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் இடையே ஓடிய நார்த் ஷோர் லைனின் எலக்ட்ரோலைனர் என்ற மின்சார வண்டியையும் பார்த்தோம். புளியோதரை மிஞ்சவில்லை.

இலையுதிர் காலத்தில் இல்லினாய்ஸ் பிரெய்ரி பாதையில் நடைபயணம். அந்தப் பாதையில் ஒரு காலத்தில் சிகாகோ, அரோரா, எல்ஜின் மின்சார ரயில் ஓடியது. 1957 ஜூலை 3 அன்று காலையில் அதில் ஏறி நகரத்துக்கு வேலைக்குப் போனவர்கள், மாலையில் திரும்ப வண்டி இல்லாமல் தவித்தார்கள். நண்பகலோடு சேவையை நிறுத்திவிட்டார்கள். 1963-இல் மே வாட்ஸ் என்ற அம்மையார் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்துதான் அது நடைபாதையாகும் முயற்சி பிறந்தது. அதே 1963 ஜனவரி 21-இல் நார்த் ஷோர் லைனும் நின்றது. 1967-இல் தபால் துறை ரயில்களிலிருந்து தபால் பெட்டிகளை எடுத்ததும் பல வண்டிகளுக்கு வருமானம் போயிற்று. 1971 மே 1-இல் நாடு முழுக்கப் பயணி ரயில்களை நடத்த ஆம்ட்ராக் நிறுவனம் வந்தபோது மிஞ்சியிருந்தது சொற்பம்.

அந்தக் கடைசி ஆண்டுகளின் சுருள்களில் ஒரு வேடிக்கை. ரயில் நிற்கப்போகிறது என்றதும் தண்டவாள ஓரத்தில் கேமராக்கள் கூடிவிடுகின்றன. ஒரு துண்டில் வண்டி கடந்து போனபின் கேமரா திரும்புகிறது. சோளக்கொல்லை ஓரமாக வரிசையாகக் கார்கள். விடைகொடுக்க எல்லோரும் காரில் வந்திருக்கிறார்கள்.

ஏக்கத்தோடு கணக்கும் இருக்கட்டும் என்பதற்காக ஏப்ரல் 25 அன்று நேப்பர்வில் ஸ்டேஷனில் கூடினோம். 1946-இல் அதே நாளில் அங்கே நின்றிருந்த வண்டி மீது எக்ஸ்போசிஷன் ஃப்ளையர் என்ற இன்னொரு ரயில் மோதி 45 பேர் இறந்தார்கள். தனிப் பாதுகாப்புக் கருவி இல்லாத தடங்களில் பயணி வண்டிகள் மணிக்கு 79 மைலுக்கு மேல் போகாததற்கு அந்த விபத்துக்குப் பின் வந்த உத்தரவுதான் காரணம். நாம் தினமும் 'ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறான்' என்று திட்டுகிற வேகம் அது.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலை. சில சுருள்களில் காடி வாடை அடிக்கிறது. ஃபிலிமின் அடிப்பொருளான அசிட்டேட் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றைத் தனியே பிரித்து, குளிர்ந்த, ஈரம் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். இப்போது என் வீட்டு அடித்தளத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இது சரியில்லை என்று என் மனைவியும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார். இரண்டாவது, பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முடிப்பது. மூன்றாவது, உறுப்பினர்கள் தங்கள் அக்கம்பக்கத்து முதியவர்களிடம் கேட்டு, சுருள் இருந்தால் வாங்குவதைவிட முதலில் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைப் பார்த்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது.

அரங்கம் தந்த நூலகத்தாருக்கும், சுருள் தந்த குடும்பத்தாருக்கும், சுற்றுலாவுக்கு வண்டி ஓட்டியவர்களுக்கும் வட்டத்தின் நன்றி. தேர்தல் வைகாசியில். செயலாளர் பொறுப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முன்வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் தொடர்கிறேன். புரொஜக்டரின் உபரி பல்பைத் தீபாவளித் திரையிடலுக்குப் பிறகு எடுத்துச் சென்றவர் இன்றே பொருளாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த பல்பு இப்போது கிடைப்பதில்லை. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.