மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்கும் முன்

மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் அம்மாவின் ஸ்கேனில் கல்லீரலில் புதிதாக இரண்டு கட்டிகள் தெரிந்தன. எலும்புக்குப் பரவியதிலிருந்து மூன்று வருடமாக லெட்ரோசோல் மாத்திரை போடுகிறார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை ஒழுங்கா போட்டீங்களாம்மா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, காலி அட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்து எண்ண ஆரம்பித்தார். ராத்திரி பதினோரு மணிக்கும் எண்ணிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர் கல்யாணத்துக்குப் போன அன்றைக்கு ஒன்று விட்டுப்போச்சோ, அதனால்தான் பரவிடுச்சோ என்று என்னைக் கேட்கிறார்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. லெட்ரோசோல், இந்தப் புற்றை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியை (ரிசெப்டார்) செல்லில் உருவாக்குவது ஈஎஸ்ஆர்1 மரபணு. அது மாறிவிட்டால் ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே ஏற்பி தானாக வேலை செய்யும், செல் பெருகும். முதல் கட்டியில் அபூர்வமான இந்த மாற்றம், பரவிய நோய்க்கு இதே மாத்திரையைத் தொடர்ந்து போடும்போதுதான் தலையெடுக்கிறது. அதாவது ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டவருக்கும் வரும். சிலருக்கு ஏற்பியே இல்லாமல் போய்விடுகிறது. எது என்று பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைப் புரட்டினால் தெரியுமா? கல்லீரலிலிருந்து மறுபடி பயாப்ஸி எடுங்கள், ரத்தத்தில் ஈஎஸ்ஆர்1 பாருங்கள், அப்புறம் மருந்தை மாற்றுங்கள். அம்மாவுக்கு எதுவும் பார்க்காமலே ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி எழுதிவிட்டார்கள். அது சரியான மருந்தாகவே இருக்கலாம், ஆனால் ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தாலும் உங்களால் வாங்க முடியுமா என்பீர்கள். நியாயம்தான். ஈஎஸ்ஆர்1 மாற்றத்துக்கென்றே எலசெஸ்ட்ரன்ட் மாத்திரைக்கு 2023 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எங்களுக்கு அது எட்டாக்கனி. கேரளத்தில் ஒரு பெண், இதே நோய்க்கான ரிபோசிக்ளிப் மாத்திரையின் விலை காப்புரிமையால் கட்டுப்படியாகவில்லை என்று 2022-ல் உயர் நீதிமன்றம் போனார், வழக்கு முடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். காப்புரிமைக்குத்தான் ஆயுசு கெட்டி. ஆனால் 2023-ல் அதே வகை மாத்திரையான பால்போசிக்ளிப்பின் காப்புரிமை முடிந்ததும் விலை இறங்கியதே! வாங்க மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்து சொல்லாமல் விடாதீர்கள். நகையை வைப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். வெளியே எண்பது டோக்கன் காத்திருப்பது எனக்கும் தெரியும். கேட்பது இவ்வளவுதான்: மாத்திரை வேலை செய்யாமல் போனால், மறுபடி டெஸ்ட் எடுத்துவிட்டு மருந்தை மாற்றுங்கள். அதற்கு முன்னால், இது உங்கள் தப்பில்லைம்மா என்று தயவுசெய்து ஒரு வார்த்தை.

அடுத்த முறை வரும்போது அம்மா அந்த டப்பாவையும் எடுத்து வரப்போகிறாராம்.