கட்டணம் குறையட்டும், பயிற்சி குறைய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் பற்றிப் பேச்சு வந்தால், “கட்டணத்தை ஏற்றிவிட்டால் தானாகக் குறைந்துவிடும்” என்று நம்மில் பலர் சொல்கிறோம். சிங்கப்பூரில் கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய சிஓஇ சான்றிதழின் பழக்கத்தில் வருகிற யோசனை அது. இங்கே கார் வைத்திருப்பது உரிமை ஆகாது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவே ஏலம். அங்கே 1791இல் அரசமைப்புச் சட்டத்துக்கு வந்த இரண்டாம் திருத்தம் ஆயுதத்தை உரிமையாக்கி வைத்திருக்கிறது. நிர்வாகச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு அரசு கட்டணம் வாங்கலாம் என்ற கணக்கில்தான் வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமத்துக்கு நியூயார்க் நகரம் வாங்கிய 340 டாலர் கட்டணம் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தப்பியது. 2022இல் துப்பாக்கி உரிமம் பற்றிய புரூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மிகையான கட்டணமோ நெடுநாள் காத்திருப்போ சாதாரண மக்களின் உரிமையை மறுத்தால் வழக்குத் தொடர இடமுண்டு என்று அடிக்குறிப்பில் எழுதியது.

ஆனால் கட்டணம் பாதிக் கணக்குதான். இல்லினாய் மாநிலத்தில் உள்ளூர்வாசிக்கு ஐந்தாண்டு உரிமம் 150 டாலர். அதற்குமுன் 16 மணிநேரப் பயிற்சி, அதாவது இரண்டு முழு நாள். பயிற்சியாளருக்கும் தோட்டாவுக்கும் தனியாகப் பணம் வேண்டும். இரவு வேலை பார்ப்பவருக்கு அந்த இரு நாள் கூலியும் போகும். கைரேகை கொடுத்தால் விண்ணப்பத்துக்கு 90 நாள் கெடு, கொடுக்காவிட்டால் 120 நாள். கைரேகைக்கும் காசு கட்ட வேண்டும் என்பதால், இருப்பவருக்கு ஒரு மாதம் மிச்சமாகிறது. சிமெண்டிலும் ப்ளீச்சிலும் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாகப் பதியாமல் திரும்பவும் எடுக்கச் சொல்வதும் உண்டு. பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறினாலும் சரிபார்ப்பு இழுக்கும். அதே மாநிலத்தின் சிகாகோ நகரம் 2010இல் துப்பாக்கி வைத்திருக்கச் சுடுதளப் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டு, நகருக்குள் பொதுச் சுடுதளங்களையே தடைசெய்தது. மறு ஆண்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பணத்தாலும் அலைச்சலாலும் வடிகட்டினால் ஏழைகள்தான் வெளியே நிற்பார்கள். குறி தவறுகிற பணக்காரர் உள்ளே போய்விடுவார்.

டெக்சஸ் மாநிலம் 2017 செப்டம்பரில் உரிமக் கட்டணத்தை 140 டாலரிலிருந்து 40 ஆகக் குறைத்தது. அது நியாயமான முடிவு. நான்கிலிருந்து ஆறு மணிநேர வகுப்பும் சுடும் தேர்வும் அப்படியே இருந்தன: 3 கெஜத்தில் 20 தோட்டா, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10, 250 புள்ளியில் 175 எடுத்தால் தேர்ச்சி. இது கடினமான தேர்வே இல்லை. ஆனால் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்றாகிவிட்டது. இந்த எளிய தேர்வும் இப்போது விரும்பினால்தான். இங்கே கட்டாயப் படைப்பணியான தேசிய சேவை செய்த ஒவ்வொருவருக்கும் இது உறுத்தும். நம் சுடுதளத்தில் சுட்டு முடித்ததும் ஆயுதத்தைக் காலியாகக் காட்டி, தோட்டாவோ வெற்றுக்கூடோ தன்னிடம் இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். துப்பாக்கி காலி என்று நினைத்துக்கொள்வதே விபத்துக்கு வழி. அதை நினைவூட்டும் பயிற்சியைக் கட்டணத்தோடு சேர்த்துத் தூக்கி எறிந்தது தவறு. பயிற்சியைக் கட்டாயமாக்கி, அதன் செலவை அரசே ஏற்றிருக்கலாம்.

அங்கே பிள்ளைகள் வேலை பார்க்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரர்களுக்கான எச்-1பி1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். 15 ஆண்டுவரை சிறை. டெக்சஸில் உரிமம் தேவையில்லை என்று நண்பர் சொல்வதை நம்பி இறங்கினால் அந்த மாநிலச் சட்டம் காப்பாற்றாது. நிரந்தரவாசி அட்டை வந்தபின் விதி வேறு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்